முதலாளி கையில் விசா: பிரிட்டனில் அயல்நாட்டுப் பராமரிப்புப் பணியாளர்களின் வேலை உரிமைகள்

பிரிட்டனின் தொழிலாளர் சட்டங்கள் பாஸ்போர்ட் பார்த்து ஆளுக்கொரு நியாயம் பேசுவதில்லை. குறைந்தபட்ச ஊதியம், சம்பளத்தோடு விடுப்பு, சம்பளத்தில் சட்டவிரோதமாகப் பிடித்தம் செய்வதற்கு எதிரான பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை ஆகியவை லீட்ஸில் பிறந்தவருக்கும் ஒன்றுதான். ஹராரேயிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஸ்பான்சர்ஷிப்பில் போனவருக்கும் ஒன்றுதான். ஆயினும் 2022க்குப் பிறகு முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் பராமரிக்க அங்கே அழைக்கப்பட்டவர்களில் பலர் சம்பளம் குறைந்தும், சொன்ன வேலை கிடைக்காமலும், முகவருக்குக் கட்டிய கடனோடும் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். உரிமை சட்டத்தில் இருக்கிறது, கேட்பதற்கு ஆள் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்ற ஒரு கேள்வியைத்தான் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. முதியோர் பராமரிப்புக்கான நிர்வாகம் பிரிட்டனின் நான்கு பகுதிகளிலும் வெவ்வேறாக இருப்பதால் பேச்சு பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றியது. விசா விதிகள் மட்டும் நாடு முழுமைக்கும் பொது.

கதவு திறந்த விதம்

சுகாதார, பராமரிப்புப் பணியாளர் விசா 2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்டபோது மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியதும், கோவிட் காலச் சோர்வும் சேர்ந்து பராமரிப்பு இல்லங்களை ஆளில்லாமல் ஆக்கின. 2021-22இல் இங்கிலாந்தில் மட்டும் இத்துறையில் 1,64,000 இடங்கள் காலியாக இருந்ததாக, துறையின் பணியாளர் விவரங்களைத் திரட்டும் ஸ்கில்ஸ் ஃபார் கேர் அமைப்பு கணக்கிட்டது. 2022 பிப்ரவரி 15 அன்று சாதாரணப் பராமரிப்பாளர் வேலையும் ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த இரண்டு நிதியாண்டுகளில் வெளிநாட்டிலிருந்து வந்து வேலையில் சேர்ந்தவர்கள் முறையே சுமார் 70,000 பேரும் 1,05,000 பேரும்.

இந்தத் திறப்புக்குப் பரிந்துரை செய்த குடியேற்ற ஆலோசனைக் குழுவே, 2022 ஏப்ரலில் வெளியிட்ட தனி அறிக்கையில், ஆள் பற்றாக்குறையின் வேர் குறைந்த சம்பளம் என்று தெளிவாகச் சொன்னது. தேசியக் குறைந்தபட்சக் கூலியைவிட மணிக்கு ஒரு பவுண்டு கூடுதலாகத் தர வேண்டும், அதற்கான பணத்தை அரசே ஒதுக்க வேண்டும் என்று கேட்டது. அரசு விசாவைக் கொடுத்தது, பணத்தைக் கொடுக்கவில்லை. பின்னால் நடந்தவற்றில் பெரும்பகுதியை இந்த ஒரு முடிவிலிருந்தே விளங்கிக்கொள்ள முடியும் என்று நினைக்கிறேன். உள்ளூர் ஆட்கள் ஒத்துக்கொள்ளாத சம்பளத்துக்கு வேலை செய்ய, வேலையை விட்டுப் போக முடியாத ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள்.

வழக்கமான மூன்று விளக்கங்கள்

சுரண்டலுக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, சில மோசடி நிறுவனங்கள். இதற்குச் சான்று உண்டு. எல்லை மற்றும் குடியேற்றத் துறையின் சுயேச்சையான தலைமை ஆய்வாளராக இருந்த டேவிட் நீல் தயாரித்து 2024 மார்ச்சில் வெளியான அறிக்கை, இல்லவே இல்லாத ஒரு பராமரிப்பு இல்லத்தின் பெயரில் 275 ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ்கள் கொடுக்கப்பட்டதைக் காட்டியது. வெளிநாட்டு ஆட்களை எடுக்க ஸ்பான்சர் உரிமம் கேட்டபோது நான்கே ஊழியர்கள் இருப்பதாகச் சொன்ன இன்னொரு நிறுவனத்துக்கு 1,234 சான்றிதழ்கள் போயிருந்தன. உரிமம் பெற்ற ஏறத்தாழ 1,600 முதலாளிகளுக்கு ஒரு கண்காணிப்பு அதிகாரி என்ற விகிதத்தையும் அதே அறிக்கை பதிவு செய்தது. ஆனால் இல்லாத இல்லங்களை மட்டும் பிடித்தால் பிரச்சினை தீர்ந்துவிடாது. முறையாகப் பதிவு செய்து, நோயாளிகளை வைத்து, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனங்களிலிருந்தும் புகார்கள் வந்தன.

இரண்டாவது, முகவர்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கத் தேவையான அந்தச் சான்றிதழை, நம் ஊரில் சி.ஓ.எஸ். என்று சொல்வதை, லட்சக்கணக்கில் விலை பேசி விற்றார்கள். நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் கட்டியிருக்கிறார்கள். இதுவும் உண்மைதான். எனினும் சான்றிதழுக்கு அந்த விலை எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். ஓர் ஆளின் வருகையையும் தங்கலையும் ஒரே முதலாளியின் ஒப்புதல் தீர்மானிக்கிறது. அதனால்தான் அந்த ஒப்புதல் சந்தைச் சரக்காகிறது. முகவர் அதன் மேல் ஏறி உட்கார்கிறார், அவ்வளவுதான்.

மூன்றாவது, பணியாளர்களுக்குச் சட்டம் தெரியவில்லை என்பது. உதவி அமைப்புகள் துண்டறிக்கைகளும் காணொளிகளும் வெளியிட இதுவே காரணம். இவ்விளக்கம் எனக்கு மிகக் குறைவாகவே ஏற்புடையதாக இருக்கிறது. சட்டம் தெரிந்தவர்களும் பேசாமல் இருந்தார்கள். பேசினால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஒரு நாளின் கணக்கு

வீட்டுக்கு வீடு போய்ப் பராமரிக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்கு முதல் வீடு. முதியவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி, பேடு மாற்றி, துடைத்து, உடை மாற்றி, அட்டையில் பிரித்து அடைத்த மாத்திரையைக் கொடுத்து, கொடுத்ததைக் குறிப்பேட்டில் எழுதி, தேநீரும் டோஸ்டும் வைத்துவிட்டு வெளியேற அரை மணி நேரம். சில வீடுகளுக்குப் பதினைந்து நிமிடம்தான் ஒதுக்கியிருப்பார்கள். நுழையும்போதும் கிளம்பும்போதும் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்ய வேண்டும். உள்ளூராட்சி மன்றங்கள் பல, இந்த நிமிடங்களை வைத்தே நிறுவனத்துக்குப் பணம் தருகின்றன. நிறுவனமும் அந்த நிமிடங்களுக்கே பணியாளருக்குச் சம்பளம் போடுகிறது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பேருந்துக்குக் காத்திருப்பதும் மழையில் நடப்பதும் கணக்கில் வருவதில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். காலை ஏழு முதல் இரவு பத்து வரை நீளும் ஒரு நாளில் வீடுகளுக்குள் கழிந்தது 9 மணி நேரம், ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போன பயணம் 3 மணி நேரம், மீதி வெறும் இடைவெளி. 2025 ஏப்ரலில் இந்த விசாவுக்கான குறைந்தபட்ச மணிக்கூலி 12.82 பவுண்டாகவும், பொதுவான குறைந்தபட்சக் கூலி 12.21 பவுண்டாகவும் இருந்தன; அவற்றை வைத்தே கணக்கிடுவோம். 9 மணி நேரத்துக்கு 115.38 பவுண்டு வருகிறது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலான பயணமும் வேலை நேரம்தான் என்பது குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் நிலை. ஆகவே 115.38ஐப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும், மணிக்கு 9.62 பவுண்டுக்கும் குறைவு. சட்டம் ஒரு சம்பளக் காலத்தின் சராசரியைப் பார்க்கும் என்றாலும், எல்லா நாளும் இப்படியே போனால் சராசரியும் இதுதான். ஒரு நாளைக்கு 31 பவுண்டு விடுபடுகிறது. ஆனால் சம்பளச் சீட்டில் 12.82 என்றே அச்சாகியிருக்கும். சீட்டைப் பார்க்கும் விசா அதிகாரிக்கு எந்தக் குறையும் தெரியாது.

இதற்கு மேல் கார் வாடகை, தங்கும் அறை வாடகை, பயிற்சிக் கட்டணம் என்று பிடித்தங்கள். வேலையை விட்டால் ஆள்சேர்ப்புச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி. இத்தகைய விதிகள் வெளிப்படையாகவும், செலவுக்கு ஏற்ற அளவிலும், நாளாக நாளாகக் குறைந்துகொண்டும் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்து அரசின் ஆள்சேர்ப்பு நடத்தைக் கோவை சொல்கிறது. கோவைக்குச் சட்ட வலு இல்லை. பதினைந்தாயிரம் பவுண்டோ, மூவாயிரமோ, தொகை எதுவானாலும், கையில் மிச்சம் இல்லாத ஒருவரை அசையாமல் நிறுத்த அந்தத் தாள் போதும்.

குற்றம் ஒருவருக்கு, தண்டனை இன்னொருவருக்கு

இப்படிச் சம்பளம் விடுபட்ட ஒருவர் உள்துறை அமைச்சகத்திடம் புகார் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புகார் உண்மை என்று தெரிந்தால் நிறுவனத்தின் ஸ்பான்சர் உரிமம் ரத்தாகும். உரிமம் ரத்தானால் அந்த நிறுவனத்தின் பெயரில் விசா வைத்திருக்கும் எல்லோருடைய விசாவும் சுருக்கப்படும். வழக்கமாக 60 நாள் அவகாசம். அதற்குள் உரிமம் உள்ள வேறொரு முதலாளியைக் கண்டுபிடித்து, புதுச் சான்றிதழ் வாங்கி, புது விண்ணப்பம் போட வேண்டும். இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போக வேண்டும். இடைப்பட்ட நாட்களில் அரசு நலத்தொகை எதுவும் கிடையாது. ஆக, புகார் கொடுத்தவர் தம்மோடு சேர்த்துத் தம் சக பணியாளர்கள் அத்தனை பேரின் வாழ்க்கையையும் கேள்விக்குள்ளாக்குகிறார். ஒரே வீட்டில் அறைக்கு இருவராகத் தங்கியிருப்பவர்களிடையே இந்தப் பயம் எப்படி வேலை செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட உரிமங்களை ரத்து செய்ததாக அரசே அறிவித்தது. அந்நிறுவனங்களோடு தொடர்புடைய பணியாளர்கள் 39,000க்கும் மேல். சுரண்டலுக்கு எதிரான நடவடிக்கை என்று இந்த எண் முன்வைக்கப்பட்டது. அதே எண்ணைப் பணியாளர் பக்கத்திலிருந்து வாசித்தால், தாங்கள் செய்யாத குற்றத்துக்காக வேலையும் விசாவும் ஆபத்துக்குள்ளானவர்களின் எண்ணிக்கை அது. 2025 ஜூலையில் வெளியான நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு அறிக்கை, 2022இல் விசாவை விரிவாக்கியபோது இத்தகைய ஆபத்துகள் முறையாக எடைபோடப்படவில்லை என்று கண்டித்தது.

விசாவை ஒரே முதலாளியோடு கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு பிரிட்டனிலேயே முன்னுதாரணம் இருந்தது என்பதுதான் இதில் வேதனை. வெளிநாட்டு வீட்டுப் பணியாளர்கள் 1998 முதல் முதலாளியை மாற்றிக்கொள்ள அனுமதிக்கப்பட்டிருந்தார்கள். 2012 ஏப்ரலில் அந்த உரிமை பறிக்கப்பட்டது. அதன் விளைவுகளை ஆராய அரசு நியமித்த வழக்கறிஞர் ஜேம்ஸ் யூவின்ஸ், 2015 டிசம்பரில் தந்த அறிக்கையில், முதலாளியை மாற்றும் உரிமையும் அதைப் பயன்படுத்தப் போதுமான கால நீட்டிப்பும் இல்லாமல் பாதுகாப்பு இல்லை என்றார். இரண்டரை ஆண்டு வரை நீட்டிக்கலாம் என்பது அவர் பரிந்துரை. அரசு 2016இல் மாற்றும் உரிமையைத் திருப்பித் தந்தது, ஆறு மாத விசாவுக்குள் மட்டும். பராமரிப்பு விசா திறந்தபோது அந்த அறிக்கை ஆறு ஆண்டுப் பழையது. யாரும் அதை எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தீர்ப்பாயத்தின் வாசல்

நீதிமன்றங்கள் இதைச் சரிசெய்திருக்க முடியாதா? 2016 ஜூனில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் நைஜீரியாவிலிருந்து வந்த இரண்டு வீட்டுப் பணிப்பெண்களின் வழக்கைத் தீர்த்தது. அவர்கள் மோசமாக நடத்தப்பட்டார்கள் என்பதில் நீதிமன்றத்துக்குச் சந்தேகமில்லை. ஆனால் அப்படி நடத்தப்பட்டதற்குக் காரணம் அவர்களது இனமோ தேசிய இனமோ அன்று, விசா நிலையால் வந்த பலவீனம். அந்தப் பலவீனம் பாகுபாட்டுச் சட்டம் பாதுகாக்கும் அடையாளங்களில் ஒன்றன்று என்று தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹேல் முடிவு சொன்னார். இந்த இடைவெளியை நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்பதையும் தீர்ப்பிலேயே எழுதிவைத்தார். நாடாளுமன்றம் இன்றுவரை அதை அடைக்கவில்லை. பராமரிப்பு விசாவில் வந்தவர்களின் பலவீனமும் இதே வகைதான். சட்டம் அதைப் பார்க்கிறது, ஆனால் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

ஊதியத்திலும் நீதிமன்றம் எப்போதும் துணை நின்றதில்லை. பராமரிப்பு இல்லத்தில் இரவு தங்கி, தேவைப்பட்டால் எழும் பணியில் தூங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது என்று 2021இல் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபக்கம், 2024இல் இந்தியாவிலிருந்து சென்ற ஒரு பணியாளர், வாக்களித்த வேலையைத் தராதது பற்றிப் புகார் செய்ததால் நீக்கப்பட்டதாகத் தொடுத்த வழக்கில், இறுதி விசாரணைவரை சம்பளம் தரும்படி தொழிலாளர் தீர்ப்பாயம் இடைக்கால உத்தரவிட்டது. இத்துறையில் பலருக்கும் தெம்பு கொடுத்த உத்தரவு அது. ஆயினும் இத்தகைய நிவாரணத்துக்கு வேலை போன ஏழு நாட்களுக்குள் மனுப் போட வேண்டும். மற்ற வழக்குகளுக்கு மூன்று மாதக் கெடு என்பதே நெடுங்கால வழக்கம். 2025 டிசம்பரில் நிறைவேறிய வேலை உரிமைச் சட்டம் அதை ஆறு மாதமாக்க வகை செய்கிறது. நல்லதுதான். ஆனால் 60 நாளில் நாட்டைவிட்டுப் போக வேண்டியவருக்கு ஆறு மாதக் கெடு எவ்வளவு பயன்படும்?

அதே விசா, வேறு நிலை

என் வாதத்துக்கு எதிராக ஒரு வலுவான சான்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. தேசிய சுகாதார சேவையின் மருத்துவமனைகளில் வேலை செய்யும் வெளிநாட்டுச் செவிலியர்களும் இதே விசாவில்தான் இருக்கிறார்கள். அவர்களும் பாகுபாட்டையும் திருப்பிச் செலுத்தும் விதிகளையும் சந்திக்கிறார்கள். ஆனால் சம்பளமே வராமல் போவது, இல்லாத வேலைக்கு வந்து இறங்குவது போன்றவை அங்கே அரிது. விசாவே முழுக் காரணம் என்றால் இந்த வேறுபாடு எப்படி வந்தது?

மருத்துவமனைச் செவிலியருக்கு நாடு முழுதும் ஒரே சம்பள விகிதம், சங்கங்களோடு பேசி முடிவு செய்தது. அங்கே மணிக்கூலியை யாரும் தனியாகப் பேரம் பேச முடியாது. வேலைத் தளத்திலேயே சங்கப் பிரதிநிதி இருக்கிறார். இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது, செவிலியர் பதிவு அவருடைய சொந்தச் சொத்து என்பது. செவிலியர், பேறுகால உதவியாளர் மன்றத்தின் பதிவு எண் முதலாளியோடு போவதில்லை, அவரோடு வருகிறது. இன்னொரு மருத்துவமனை அவரைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் பராமரிப்பாளருக்கு அப்படிப் பதிவு எதுவும் இல்லை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இருக்கிறது. இந்தியாவில் செவிலியர் பட்டயம் பெற்று, ஆங்கிலத் தேர்வைத் தாண்ட முடியாமல் பராமரிப்பாளர் விசாவில் போனவர்கள் பலர். அவர்களின் படிப்பும் அனுபவமும் அங்கே எந்த ஏட்டிலும் இல்லை. சுமார் 18,000 சிறு நிறுவனங்களாகச் சிதறிய ஒரு துறையில், தம் திறமைக்கு ஒரே சாட்சி தம் முதலாளி என்ற நிலையில் நிற்கிறார்கள்.

ஆகவே விசா மட்டும் காரணம் என்று சொல்வது மிகை. நிமிடக் கணக்கில் பணம் தரும் உள்ளூராட்சி ஒப்பந்தமும், சங்கமில்லாத வேலைத் தளமும், பதிவில்லாத தொழிலும் இருக்கும் இடத்தில் விசாவின் பிடி உயிர்போகும் அளவுக்கு இறுகுகிறது. 2025 வேலை உரிமைச் சட்டம் பராமரிப்புத் துறைக்கு ஊதியப் பேச்சுவார்த்தை அமைப்பு ஒன்றை உருவாக்க வழிசெய்திருப்பதும், தொழிலாளர் சட்ட அமலாக்கத்துக்கு ஒரே முகமை அமைப்பதும் இவ்வகையில் முக்கியமானவை. அந்த முகமைக்கு வரும் புகார் உள்துறை அமைச்சகத்தின் கோப்புக்குப் போகாது என்ற உறுதி கொடுக்கப்பட்டால்தான் விசாவில் இருப்பவர்கள் அதன் வாசலை மிதிப்பார்கள்.

மாற்று வழி இல்லாததில்லை. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல், ஸ்பான்சரை இழந்தவர் புதியவரைத் தேட ஒரே தடவையில் 180 நாள், மொத்தமாக 365 நாள் வரை தருகிறது. அந்த நாட்களில் வேறு முதலாளியிடம் வேலையும் செய்யலாம். கனடா 2019 முதல், முதலாளியால் கொடுமைக்குள்ளானவருக்கு யாரிடமும் வேலை செய்யத்தக்க அனுமதியைத் தனியாக வழங்குகிறது. எல்லோரும் துறையைவிட்டு ஓடிவிடுவார்கள், ஆள்சேர்க்கச் செலவு செய்த இல்லங்கள் நஷ்டப்படும் என்பது பிரிட்டிஷ் முதலாளிகளின் எதிர்வாதம். கிராமப்புறத்துச் சிறு இல்லங்களுக்கு இந்தக் கவலை நியாயமானது. அதற்கும் இடம் தரலாம்: விசாவைத் துறையோடு மட்டும் கட்டி, துறைக்குள் எந்த முதலாளியிடமும் போகலாம் என்று விடலாம். தொழிற்சங்கங்கள் கேட்பதும் இதைத்தான்.

நம் பக்கத்துப் பொறுப்பு

இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு வரம்பு உண்டு, ஜி.எஸ்.டி. நீங்கலாக 30,000 ரூபாய். செவிலியர்களைப் பொறுத்தவரை, குவைத் ஆள்சேர்ப்பு ஊழலும் ஈராக்கில் சிக்கியவர்களின் அனுபவமும் பேசப்பட்ட பின்னணியில், 2015இல் 18 நாடுகளுக்கான ஆள்சேர்ப்பு அரசு முகமைகள் வழியாக மட்டுமே என்று ஆனது. தமிழ்நாட்டில் அந்த முகமை, 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அந்த 18 நாடுகளின் பட்டியலில் பெரும்பாலும் வளைகுடா உள்ளிட்ட மேற்காசிய நாடுகள். பிரிட்டன் அதில் இல்லை. அங்கே சட்டம் நன்றாக இருக்கும், அரசு பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் இந்தப் பாகுபாட்டுக்கு அடியில் இருக்கிறது. வளைகுடாவின் கஃபாலா முறையை நாம் கண்டித்துப் பேசியிருக்கிறோம். முதலாளி அனுமதியோடு தங்கல் கட்டப்பட்டிருக்கிறது என்ற அடிப்படை அம்சத்தில் லண்டன் விசாவும் அதன் உறவுதான். வேலைத் தளத்தில் சட்டம் வேறு, தங்கலில் நியதி அதுவே. இரு நாடுகளும் 2022 ஜூலையில் சுகாதாரப் பணியாளர் குறித்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. உரிமம் ரத்தான நிறுவனத்தில் சிக்கியவருக்கு அதன்கீழ் என்ன கிடைக்கும் என்று இந்தியத் தரப்பு கேட்க வேண்டும்.

மூடிய கதவுக்குள் இருப்பவர்கள்

2024 மார்ச் 11 முதல் புதிதாக இந்த விசா பெறும் பராமரிப்பாளர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளரை எடுப்பதே நின்றுவிட்டது. உள்ளே இருப்பவர்கள் மட்டும் 2028 ஜூலை வரை இந்த விசாவுக்குள் மாறிக்கொள்ளலாம். புதிய சுரண்டல் குறையும் என்பது அரசின் கணக்கு. உள்ளே இருப்பவர்களுக்கோ, முதலாளியை விட்டால் வேறு முதலாளியைத் தேடும் நெருக்கடி தொடர்கிறது.

இதற்கு மேல் 2025 நவம்பரில் வந்த முன்மொழிவு ஒன்று, பட்டப்படிப்புக்குக் கீழான வேலைகளில் இருப்பவர்களுக்கு நிரந்தரக் குடியிருப்புக்கான காத்திருப்பை ஐந்து ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டாக்குகிறது. பராமரிப்பாளர்கள் அந்த வகைக்குள் வருகிறார்கள். ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்து இன்னும் நிரந்தரக் குடியிருப்பு பெறாதவர்களையும் அது தொடும் வகையிலேயே எழுதப்பட்டது. 2022இல் போன ஒருவர் 2027இல் எந்த முதலாளியின் சான்றிதழும் தேவைப்படாத நிலைக்கு வர வேண்டியவர். பயணத்துக்குச் சம்பளம் வரவில்லை என்று தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் காத்திருந்தது அந்த ஆண்டுக்காகத்தான். முன்மொழிவு அப்படியே சட்டமானால் அவர் 2037 வரை ஒவ்வொரு விசா நீட்டிப்புக்கும் ஒரு முதலாளியின் ஒப்புதலைக் கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.